ரீமேப் செய்த டீசலுக்கு எந்தக் கிளட்ச்?

டர்போ டீசல் காரை ரீமேப் செய்தால், அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றிப் பலத்தைக் கூட்டினால், முதலில் கைவிரிப்பது எஞ்சினோ கியர்பாக்ஸோ அல்ல, கிளட்ச்தான். ஃபோர்டு ஃபிகோ 1.5 டிடிசிஐ கம்பெனியில் இருந்து வந்தபோது அதன் டார்க், அதாவது சுழற்றும் விசை, 215 நியூட்டன் மீட்டர். மென்பொருளை மட்டும் மாற்றினாலே 270, 280 என்று ஏறிவிடும். போலோ 1.5 டிடிஐ தொடங்குவதே 230-இல், ஜிடி மாடல் என்றால் 250. அந்தக் கூடுதல் டார்க் மொத்தமும் 1,800 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் வந்து குவிவதால் அடி நேராகக் கிளட்ச் பிளேட்டில் விழுகிறது.

கோவைப் பக்கம் இதற்கு நாலு வைத்தியம் சொல்வார்கள்: பழையபடி கம்பெனி வகை ஆர்கானிக் பிளேட்டே போட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை மட்டும் கெட்டியாக்குவது, செராமிக் பட்டன் கிளட்ச், கெவ்லர், கழற்றிய பிளேட்டுக்கே உராயும் பட்டையான லைனிங்கைப் புதிதாக அடிப்பது. எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஸ்லிப் ஆவது, அதாவது கிளட்ச் வழுக்குவது, உறுதிதானா என்று பார்க்க வேண்டும். கைபிரேக்கை இழுத்து நாலாவது கியரில் கிளட்சை விட்டு, வண்டி ஆஃப் ஆனால் கிளட்ச் நல்லது என்று சொல்வது வழக்கம். அந்த ஆர்பிஎம்மில் டர்போவே எழுந்திருக்காது; 280 டார்க்கைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லாது. செங்கப்பள்ளி - நீலாம்பூர் ஆறுவழி மாதிரி சமதளச் சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரத்தில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐந்தாவது கியரில் 1,800-இல் இருந்து முழுசாக மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி வண்டியின் வேகம் பின்தங்கினால் ஸ்லிப்தான். ஒருதடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பிளேட்டை எரித்துவிடும்.

இனி கணக்கு. கிளட்ச் தாங்கும் டார்க் என்பது நாலு விஷயத்தின் பெருக்கல்: உராயும் முகங்கள் இரண்டு, லைனிங்கின் உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட்டின் அழுத்தம், லைனிங்கின் சராசரி ஆரம். வெளிவிட்டம் 228 மில்லிமீட்டர், உள்விட்டம் 150 என்று ஒரு பிளேட்டை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆரம் 94.5 மில்லிமீட்டர். அழுத்தம் 6,000 நியூட்டன், கெழு 0.30 என்றால் 340 நியூட்டன் மீட்டர் தாங்கும். 280-க்குத் தாராளம் போலத்தான் தெரியும். ஆனால் ஆர்கானிக் லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் கெழு விழும். 0.22-க்கு விழுந்ததாக வையுங்கள், அதே கிளட்ச் 250-தான் தாங்கும். பைபாஸில் சொன்னபடி கேட்கும் வண்டி, பண்ணாரியில் இருந்து திம்பம் ஏறும்போது லாரிக்குப் பின்னால் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்து ஊர்ந்து, 27 கொண்டை ஊசி வளைவில் கடைசி ஏழெட்டில் மட்டும் வழுக்குவது இதனால்தான். மேலே போய் அரைமணி நேரம் நிறுத்தி எடுத்தால் சரியாகிவிடும். பிறகு மெக்கானிக்கிடம் காட்டினால் “ஒண்ணும் இல்லீங்களே” என்பார்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் முதல் வைத்தியமே நம் சாலைகளுக்குச் சரி என்று புரியும். அழுத்தத்தை 25 சதவீதம் கூட்டி 7,500 நியூட்டன் ஆக்கினால், சூடான நிலையிலும் 312 தாங்கும். பிளேட் ஆர்கானிக்காகவே இருப்பதால் ஹாஃப் கிளட்சில் வண்டி உதறாது, மாடி பார்க்கிங்கில் இருந்து ரிவர்ஸ் எடுக்கலாம், வீட்டில் வேறு யார் ஓட்டினாலும் பிரச்சினை இல்லை. விலை பெடலில் தெரியும், கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கனக்கும். காந்திபுரத்தில் சாயங்காலம் ஆறரைக்கு இடது முழங்கால் அதைச் சொல்லும். 25, 30 சதவீதத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும், அதைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் சீலும் சீக்கிரம் போகும். மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த பலம் கிராங்க்ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் வாஷர் மேல்தான் வந்து சேர்கிறது. சிக்னலில் கியரில் போட்டு மிதித்தபடியே நிற்கிறவர்களுக்கு இது மெதுவாக வரும் செலவு, எஞ்சினைப் பிரித்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

செராமிக் வேறு சாதி. உராய்வுக் கெழு 0.40 என்று வைத்தால் அதே 6,000 நியூட்டனில் 450-ஐத் தாண்டும், சூட்டிலும் அவ்வளவாக விழாது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 2.1 கிலோமீட்டர் சுற்றைச் சுற்றிச் சுற்றி வர இதுதான் வேண்டும், அங்கே ஊர்வதே கிடையாது. சாலையில் கதை தலைகீழ். பட்டன்கள் ஒன்று பிடிக்கும் அல்லது விடும், நடுவில் ஒன்றும் இல்லை. சரிவில் நின்று எடுக்கும்போது வண்டி நாலு உதறு உதறும். அந்த உதறல் எஞ்சின் மவுன்ட்டிலும் டிரைவ் ஷாஃப்டிலும் போய் உட்காரும். பிளேட் உரசும் எஞ்சின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தையும் வேகமாகத் தின்னும். கட்டாயம் வேண்டும் என்றால் ஆறு பட்டன், நடுவில் ஸ்பிரிங் வைத்த ஹப் உள்ளதை வாங்குங்கள். மூன்று பட்டன், ஸ்பிரிங் இல்லாத ஹப் என்பதெல்லாம் டிரெய்லரில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு. “பட்டன் கிளட்ச் போட்டிருக்கேன்” என்று சொல்வதில் ஒரு கெத்து இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஒப்பணக்கார வீதியில் அந்தக் கெத்து பத்து மீட்டர் தாங்காது.

கெவ்லர் நீண்ட நாள் உழைக்கும், மென்மையாகவும் பிடிக்கும். ஆனால் பழக்கும் காலத்தில் பொறுமை வேண்டும்: 800 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஊருக்குள் நின்று நின்று ஓட்ட வேண்டும், முழு மிதி கூடாது. அதற்குள் ஒருதடவை நன்றாகச் சூடாக்கிவிட்டால் முகம் கண்ணாடி மாதிரி மின்னிப் போகும். ஆர்கானிக் போல ஆறிய பிறகு பழைய பிடிக்குத் திரும்பாது. போட்ட வாரமே வால்பாறை கிளம்புகிறவர்களுக்கு இது ஆகாது.

நாலாவது, நம்மூர் லைனிங். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கம் லாரிக்கும் போர்வெல் ரிக் வண்டிக்கும் பிளேட்டில் புது லைனிங் ரிவெட் அடித்துத் தரும் கைவேலையில் குறையே சொல்ல முடியாது. லாரி எஞ்சின் 2,500 ஆர்பிஎம் சுற்றும், அதன் பிளேட் 395 மில்லிமீட்டர் இருக்கும். கார் பெட்ரோல் என்றால் 6,500. பிய்த்து வெளியே எறியும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறுவதால், பிளேட் சிறியதாக இருந்தும் ஒரே எடையுள்ள லைனிங் துண்டின் மேல் கிட்டத்தட்ட நாலு மடங்கு விசை விழும். டீசல் காரில் 4,500 என்றாலும் இரு மடங்கை ஒட்டி வரும். அந்தச் சுற்றுக்குச் சோதிக்காத லைனிங் தெறித்தால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் உடைந்து துண்டு கால் பக்கம் வரலாம். பழைய அம்பாசிடர் டீசலுக்குச் சரி. ரீமேப் செய்த வண்டிக்கு மிச்சமாகும் காசு இந்த ஆபத்துக்கு ஈடில்லை.

ஃப்ளைவீலை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. டீசல் கார்கள் பலவற்றில் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் ஸ்பிரிங் வைத்து அதிர்வை விழுங்கும் இரட்டை நிறை ஃப்ளைவீல், அதாவது டிஎம்எஃப் இருக்கிறது. விலை கிளட்ச் செட்டையே மிஞ்சும் என்பதால் கழற்றிவிட்டு ஒற்றை நிறையாக மாற்றச் சொல்வார்கள். மாற்றலாம், ஆனால் டீசலின் அதிர்வை அந்த அளவுக்கு விழுங்க அங்கே வேறு ஆள் இல்லை. ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், குறைந்த ஆர்பிஎம்மில் அடி மிதித்தால் இன்புட் ஷாஃப்டும் சின்க்ரோவும் அதைத் தாங்க வேண்டும். டிஎம்எஃப்பில் கிரீஸ் கசிவு, ஆஃப் செய்யும்போது ‘டம்’ என்ற தட்டல், அளவு மீறிய ஆட்டம் இல்லாத வரை அதையே வைத்துக்கொள்வது நல்லது. அதன் முகத்தைக் கடைசல் பிடிக்கவும் கூடாது. ஒற்றை நிறை என்றால் கணபதியிலோ சிங்காநல்லூரிலோ சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்துகொள்ளலாம். படி வைத்த ஃப்ளைவீலாக இருந்தால் இரண்டு மட்டத்தையும் ஒரே அளவு எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அழுத்தமே மாறிவிடும்.

கியர்பாக்ஸை இறக்கும் கூலி ஒருமுறைதான் கொடுப்பது. ரிலீஸ் பேரிங், உள்ளே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர், ரியர் மெயின் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். சீல் கசிந்து எண்ணெய் பட்டால் எந்த லைனிங்கும் வழுக்கும். புது பிரஷர் பிளேட்டின் துரு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். பிளேட் வந்து உட்காரும் இன்புட் ஷாஃப்ட் பற்களான ஸ்பிளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும், மிஞ்சியதைத் துடைத்துவிடணும். சுற்றும்போது அது லைனிங்குக்குத்தான் பறக்கும். தானே சரிசெய்துகொள்ளும் வகை பிரஷர் பிளேட்டை அதற்கான டூல் இல்லாமல் போல்ட்டால் இழுத்து மாட்டினால் உள்வளையம் முன்கூட்டியே சுற்றிவிடும். பிறகு எத்தனை முறை பிளீட் செய்து, அதாவது கிளட்ச் ஆயிலில் இருந்து காற்றை வெளியேற்றி, பார்த்தாலும் பெடல் பிடிக்கும் இடம் சரியாக அமையாது. பாக்ஸை மறுபடி இறக்குவதைத் தவிர வழி இல்லை.