கையெழுத்துக்கு முன்னா, பின்னா?

உங்கள் ஆய்வுக் கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று ஆய்விதழ் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பின்னாலேயே ஒரு படிவமும் வரும். பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லும் படிவம். மகிழ்ச்சியில் பலர் அதைப் படிப்பதே இல்லை. கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்க வேண்டுமென்றால் என்ன செய்யலாம்?

காசு கொடுத்துத் திறப்பது முதல் வழி. வெளியான அன்றே, அச்சுக்கோத்த இறுதி வடிவமே திறந்திருக்கும். பெரும்பாலும் உரிமையும் ஆசிரியரிடமே தங்கும். ஆனால் 2021இல் 'நேச்சர்' இதழ் இதற்கு வைத்த விலை 9,500 யூரோ. சந்தா இதழிலேயே கட்டணம் கட்டித் திறந்தால், நூலகம் சந்தாவும் கட்டும், ஆசிரியர் கட்டணமும் கட்டுவார். ஒரே மாட்டில் இரண்டு முறை கறக்கிறார்கள்.

உரிமையைக் கொடுத்துவிட்டு, மதிப்பாய்வு முடிந்த கைப்பிரதியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போடுவது இரண்டாவது. செலவில்லை. ஆனால் எப்போது போடலாம் என்பதைப் பதிப்பகம் தீர்மானிக்கும்; பல இதழ்களில் 12 மாதம், சிலவற்றில் 24. நம் எழுத்துக்கு நாமே அனுமதி கேட்டு நிற்கும் நிலை. ஜெர்மனியில் 2014 முதல், குறைந்தது பாதி அரசுப் பணத்தில் நடந்த ஆய்வென்றால், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 12 மாதம் கழித்து வெளியிடச் சட்டமே இடம் தருகிறது.

மூன்றாவது, உரிமையை முன்கூட்டியே பிடித்து வைப்பது. என் ஓட்டு இதற்குத்தான். ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் 2008இல் இதற்கு வழி போட்டது: ஆசிரியர்கள் எதிலும் கையெழுத்திடும் முன்பே கட்டுரையை இலவசமாக வெளியிடும் ஓர் உரிமம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறது. பின்னால் வரும் ஒப்பந்தம் அந்த உரிமத்துக்குக் கட்டுப்பட்டதுதான். வேண்டாமென்றால் ஆசிரியர் விலக்குக் கேட்கலாம். தாங்கள் பணம் தரும் ஆய்வு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் 'பிளான் எஸ்' திட்டத்தின் நிதியாளர்களும் 2020இல் இதே பாதையில் வந்தார்கள். கட்டுரையை அனுப்பும்போதே, ஏற்கப்பட்ட கைப்பிரதிக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (யாரும் படிக்கலாம், பகிரலாம் என்ற பொது அனுமதி) உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்; காத்திருக்கத் தேவையில்லை.

சிக்கல் இல்லாமல் இல்லை. அந்த வரியைப் பார்த்ததும் கட்டணப் பாதைக்குத் தள்ளும் இதழ்கள் உண்டு. வரிக்கு நேர்மாறான ஒப்பந்தத்தை நீட்டுவதும் உண்டு. நிதியாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் மாட்டுவது ஆசிரியர்தான். தனி ஆளின் ஒரு வரியைவிட நிறுவனத்தின் கொள்கை வலுவானது என்பது அங்கேதான் தெரியும்.

(இயற்பியலாளர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். 1991 முதல் அவர்களில் பலர், ஆர்கைவ் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் மதிப்பாய்வுக்கு முந்தைய வரைவைப் போட்டுவிட்டுத்தான் இதழையே நினைக்கிறார்கள்.)

சந்தாவும் கட்டணமும் இல்லாத இதழ்களும் இருக்கின்றன. உங்கள் துறையில் நல்லதாக ஒன்று கிடைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம், அங்கே அனுப்புங்கள். கிடைக்காதவர்கள், படிவம் வரும் வரை காத்திராமல், கட்டுரையை அனுப்பும் அன்றே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.