ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ்: கையேட்டோடு கேட்க வேண்டிய உலக இசை

உலக இசையை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால், ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் தளத்தைத்தான் கைகாட்டுவேன். பாட்டுகளைவிட அவற்றோடு வரும் கையேடுகளுக்காக. யார் பாடுகிறார்கள், எந்த ஊர், என்ன சந்தர்ப்பம், என்ன வாத்தியம் என்று ஆல்பத்துக்கு ஆல்பம் எழுதி வைத்திருக்கிறார்கள். பிடிஎஃப் கோப்பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பாட்டுச் செயலிகள் ‘வேர்ல்டு மியூசிக்’ என்று ஒரு பட்டியலைப் போட்டு, மாலி நாட்டுக் கோரா என்ற கம்பி வாத்தியத்துக்கு அடுத்து அயர்லாந்து ஃபிடிலை ஓடவிடும். காதுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் என்ன கேட்டோம் என்று யோசித்தால் ஒன்றும் மிஞ்சாது.

மோசஸ் ஆஷ் என்பவர் 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனம்தான் இதன் ஆரம்பம். 1986இல் அவர் இறப்பதற்குள் 2,168 ஆல்பங்கள் சேர்ந்துவிட்டன. மறு வருடம் அமெரிக்க அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் அதை எடுத்துக்கொண்டபோது, விற்றாலும் விற்காவிட்டாலும் எல்லா ஆல்பமும் எப்போதும் கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான் 1958இல் வந்த வட அமெரிக்கத் தவளைச் சத்த ஆல்பம்கூட இன்னும் கிடைக்கிறது. (ஆமாம், தவளைகள்தான். கேட்டேன், மோசமில்லை.)

எனக்கு மிகவும் பிடித்தது இந்தோனேசிய இசைக்கென்று 1991 முதல் 1999 வரை வந்த வரிசை. மொத்தம் 20 தொகுதிகள், இசை ஆய்வாளர் பிலிப் யாம்போல்ஸ்கி பொறுப்பில் வந்தவை. இந்தோனேசியா என்றாலே கேமலான் வெண்கல வாத்தியங்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இந்த வரிசையின் இரண்டாம் தொகுதியோ குரோன்சோங், டங்டுட் என்று வெகுஜனப் பாட்டுகளில் இறங்குகிறது. குரோன்சோங்கில் உகுலேலே போன்ற சின்னக் கம்பி வாத்தியங்கள் விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்க, பாடகி அவசரமே இல்லாமல் இழுத்துப் பாடுகிறார். போர்ச்சுகீசியர் வழியாக வந்த வாத்திய மரபு அது. டங்டுட்டில் இந்தி சினிமாப் பாட்டின் சாயல் அப்பட்டமாகத் தெரியும்; தபேலா மாதிரி உருளும் அந்த மேளத்தைக் கேட்டால் ‘அட, இது நமக்குத் தெரிந்ததாயிற்றே’ என்று தோன்றும். ஒரு நாட்டு இசை என்றால் கோயிலும் அரண்மனையும் மட்டும் இல்லை என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் ஆல்பம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, 1990இல் வந்த துவா ஆல்பம். சைபீரியாவின் தெற்கே, மங்கோலியாவை ஒட்டிய மேய்ச்சல் பூமியின் தொண்டைப் பாட்டு. அடியில் அசையாத ஒரு சுருதி, அதற்கு மேலே மெல்லிய விசில். இரண்டும் ஒரே ஆளின் தொண்டையிலிருந்து. நாக்கையும் உதட்டையும் நகர்த்தி, குரலுக்குள் ஏற்கனவே இருக்கும் மேற்சுரங்களில் ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்கள். விசில் தெளிவாக மேலே நிற்பது சிகித். அடித்தொண்டையில் உறுமுவது கார்கிரா. கால்நடைகளைக் கூப்பிடும் சத்தங்களும் இதே ஆல்பத்தில் உண்டு. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும்.

அமெரிக்க நாட்டுப்புறப் பக்கம் போனால் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்த 84 பதிவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் 1920களின் கடைசியில் வந்த பழைய இசைத்தட்டுகள். பாடுபவர் கறுப்பரா வெள்ளையரா என்று அவர் எங்கும் பிரித்துக் காட்டவே இல்லை. கையேட்டில் ஒவ்வொரு பாட்டின் கதையையும் செய்தித்தாள் தலைப்பு மாதிரி சுருக்கி எழுதியிருப்பார். தவளைக்கும் எலிக்கும் நடக்கும் கல்யாணத்தைக்கூட. அதைப் படித்துவிட்டுக் கேட்டால் சிரிப்பு வரும்.

சரி, யாருக்கு இது ஒத்துவராது? கே-பாப், டெக்னோ, ரெகேட்டான் என்று தேடுகிறவர்கள் இங்கே அலைய வேண்டாம். விதிவிலக்கு, 2021இல் வந்த ஹிப்ஹாப், ராப் தொகுப்பு. 129 பாட்டுகளோடு ஒரு தடிமனான புத்தகமும் உண்டு. பழைய ஆல்பங்களின் கையேடுகள் பல, தட்டச்சுப் பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்தவை. அவற்றைப் பெரிய திரையில் படிப்பதுதான் நல்லது. அப்புறம் இன்னொன்று: இது ஒரு காப்பகம், பாடத்திட்டம் அல்ல. முதலில் இது, பிறகு அது என்று யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள்.

ஆல்பம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் நிறையவே கிடைக்கின்றன. பாட்டை அங்கே ஓடவிட்டு, கையேட்டை இங்கே திறந்து வைத்துக்கொண்டால் போதும். முதலில் இந்தோனேசியா இரண்டாம் தொகுதி, பிறகு ஹாரி ஸ்மித். துவாவைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எடுத்த எடுப்பில் அதைப் போட்டால் வீட்டில் உள்ளவர்கள் ஓடிவந்து பார்ப்பார்கள்.