கூகுள் மேப்பா, ரீல்ஸா, வாட்ஸப்பா, விளம்பரமா: வேலூர் பக்கம் கோச்சுங்களுக்கு எதுல ஆள் வருது?

சத்துவாச்சாரில யோகா சொல்லிக்குடுக்கிறவங்க, காட்பாடில ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துறவங்க, பாகாயத்துல வீட்டு மாடில ஃபிட்னஸ் கோச்சிங் பண்றவங்க, யார்கிட்ட பேசுனாலும் ஒரே கேள்விதான் வருது, ஆன்லைன்ல எங்க நேரத்தையும் காசையும் போட்டா புது ஆள் சேருவாங்கன்னு. என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். நேர்ல கிளாஸ் எடுக்குறவங்கன்னா முதல்ல கூகுள் மேப், கூடவே வாட்ஸப், சீசன் டைம்ல மட்டும் கொஞ்சம் விளம்பரம், ரீல்ஸ் எல்லாத்துக்கும் கடைசி. முழுக்க ஜூம்லயோ கூகுள் மீட்லயோ எடுக்குறவங்கன்னா இந்த வரிசை கிட்டத்தட்ட தலைகீழ். நிறைய பேர் இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சு சென்னைல யாரோ ஆன்லைன் கோச் சொன்ன வழிய இங்க ஒரு ஸ்கேட்டிங் கிளாஸுக்கு போட்டுப் பாக்குறாங்க, அதான் வேலைக்கு ஆக மாட்டேங்குது.

மொதல்ல கூகுள் மேப்பையும் இன்ஸ்டா ரீல்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போம், ஏன்னா நிஜமான போட்டியே இந்த ரெண்டுக்கும்தான்.

ஒரு அம்மா ஸ்கூல் லீவு விடப்போகுதுன்னு போன எடுத்து "செஸ் கிளாஸ் நியர் மீ"ன்னோ "சத்துவாச்சாரி கராத்தே கிளாஸ்"னோ தேடுறாங்க. அந்த நிமிஷம் அவங்க முடிவு பண்ற மனசுல இருக்காங்க, ஃபீஸ் கட்ட ரெடியா இருக்காங்க. அங்க மேப்ல உங்க பேரு வந்தா போன் அடிக்கும். அதே அம்மா ராத்திரி படுக்கப்போறப்ப ரீல்ஸ் தள்ளிக்கினு இருக்கப்ப உங்க வீடியோ வந்தா லைக் போடுவாங்க, நல்லா இருக்குன்னு யாருக்காவது ஷேர் கூட பண்ணுவாங்க, ஆனா அடுத்த நாள் காலைல ஞாபகம் இருக்காது. அதோட ரீல்ஸ் எந்த ஊருக்கு போகுதுன்னு உங்க கைல இல்ல. லட்சம் பேர் பாத்தாலும் அதுல எத்தனை பேர் வேலப்பாடிக்கோ தொரப்பாடிக்கோ சாயங்காலம் ஆறு மணிக்கு பிள்ளைய வண்டில கொண்டாந்து விட முடியும்? மதுரைல இருந்து வர்ற ஃபாலோயரால மாடில இருக்கிற யோகா கிளாஸுக்கு ஒரு ரூபா பிரயோஜனம் இல்ல.

மேப்ல உங்க பேரு வர்றதுக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்னு ஒண்ணு ஆரம்பிக்கணும், அது ஃப்ரீ. 2021 வரைக்கும் கூகுள் மை பிசினஸ்னு பேரு, இப்பவும் பாதி பேர் அப்படித்தான் சொல்றாங்க. யார முன்னாடி காட்டணும்னு கூகுள் மூணு விஷயத்தை வச்சு பாக்குது: தேடுன வார்த்தைக்கு நீங்க எவ்வளவு பொருத்தம், தேடுறவங்களுக்கு எவ்வளவு கிட்ட இருக்கீங்க, ஊர்ல உங்க பேரு எவ்வளவு தெரிஞ்சிருக்கு. தூரத்தை நீங்க மாத்த முடியாது. மத்த ரெண்டும் உங்க கைல இருக்கு, அதாவது சரியான கேட்டகரி போடுறது, டைமிங் போடுறது, உங்க இடத்தோட நிஜ போட்டோ போடுறது, ரிவ்யூ வாங்குறது. வெரிஃபிகேஷனுக்கு இப்ப பெரும்பாலும் வீடியோ கேக்குறாங்க, தெருவ காட்டி, போர்டு காட்டி, உள்ள பாய், டம்பெல்ஸ், செஸ் போர்டு எல்லாத்தையும் நடுவுல நிறுத்தாம ஒரே ஓட்டமா எடுக்கணும். வீட்டுக்கே போய் சொல்லிக்குடுக்கிற கோச்சுன்னா அட்ரஸை மறைச்சுட்டு எந்தெந்த ஏரியாவுக்கு போவீங்கன்னு மட்டும் போட்டுக்கலாம், காந்தி நகர், விருதம்பட்டு, அல்லாபுரம்னு. தனியா இருக்கிற லேடி கோச்சுங்களுக்கு இது ரொம்ப முக்கியம், வீட்டு அட்ரஸை ஊருக்கே காட்ட வேணாம்.

பேருல மட்டும் விளையாடாதீங்க. போர்டுல இருக்கிற பேரு என்னவோ அதான் அங்கயும் இருக்கணும், "வேலூர் நம்பர் ஒன் பெஸ்ட் ஸ்விம்மிங் கோச்சிங்"னு அடைச்சா ப்ரொஃபைலையே நிறுத்தி வச்சிடுவாங்க. ரிவ்யூ கேக்கலாம், தப்பே இல்ல, ஆனா ரிவ்யூ போட்டா ஃபீஸ்ல நூறு ரூபா குறைக்கிறேன்னு சொல்றது கூகுள் ரூலுக்கு விரோதம். எப்ப கேக்கணும்னா, பிள்ளை முதல் தடவை மேடை ஏறி பேசிட்டு இறங்குன அன்னிக்கு, இல்ல நீச்சல்ல முதல் தடவை ஒரு முழு லேப் அடிச்ச அன்னிக்கு கேளுங்க, அப்ப மனசு நிறைஞ்சு எழுதுவாங்க. அந்த மாதிரி விஷயத்தோட எழுதுன நாலு ரிவ்யூ வெறும் ஸ்டார் மட்டும் இருக்கிற நாப்பது ரிவ்யூவ விட போன் அடிக்க வைக்கும்.

ஆனா முழுக்க ஆன்லைன்ல மட்டும் கோச்சிங் பண்றவங்களுக்கு இந்த ப்ரொஃபைலே கிடையாது, கஸ்டமரை நேர்ல சந்திக்கிற தொழிலுக்கு மட்டும்தான் குடுக்கிறாங்க. அதனால கரியர் கோச், ஆன்லைன் டயட் கோச், லைஃப் கோச் இவங்களுக்குத்தான் ரீல்ஸும் யூடியூப்பும். அவங்களுக்கு மதுரை ஃபாலோயரும் துபாய்ல இருக்கிற தமிழ் ஆளும் நிஜமான கிளையன்ட். 2020 ஜூன்ல டிக்டாக்கை தடை பண்ணதும் அடுத்த மாசமே இங்க ரீல்ஸ் வந்துச்சு, செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ் வந்துச்சு, அதுல இருந்து எல்லாரும் அங்கயே கூட்டமா நிக்கிறாங்க. ரீல்ஸா யூடியூப்பான்னு என்னைக் கேட்டா யூடியூப்ல பெரிய வீடியோதான். "இன்டர்வியூல சம்பளம் கேட்டா இன்னா சொல்றது"ன்னு பத்து நிமிஷம் தமிழ்ல பொறுமையா பேசி போட்டா அது தேடி வர்றவங்களுக்கு வருஷக்கணக்குல கிடைச்சுக்கினே இருக்கும், பத்து நிமிஷம் உங்க குரலைக் கேட்டவங்க போன்ல பேசுறப்பவே பாதி நம்பிக்கையோட வருவாங்க. ரீலுக்கு ஆயுசு சில நாள்தான்.

அடுத்து வாட்ஸப். இது ஆள் தேடித் தர்ற இடம் இல்ல, வந்த ஆளை சேர வைக்கிற இடம், இங்கதான் நம்ம ஊர்ல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. மேப்ல பாத்துட்டு ஒருத்தர் "ஃபீஸ் இன்னாங்க"ன்னு ஒரு மெசேஜ் போடுவாரு, பதில் அடுத்த நாள் போகும், அதுக்குள்ள அவரு வேற இடத்துல பிள்ளைய சேத்திருப்பாரு. வாட்ஸப் பிசினஸ் ஆப் ஃப்ரீதான், அதுல குயிக் ரிப்ளை இருக்கு, கிளாஸ்ல இருக்கிறப்ப தானா போற மெசேஜ் இருக்கு, கேட்லாக் இருக்கு, யார் விசாரிச்சாங்க யார் ட்ரையல் வந்தாங்க யார் ஃபீஸ் கட்டணும்னு லேபிள் ஒட்டி வைக்கலாம். நம்ம பக்கம் பேரண்ட்ஸ் கேக்குறது திரும்பத் திரும்ப அதே விஷயம்தான்: ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மணிக்கு விடுவீங்க, லேடி கோச் இருக்காங்களா, பஸ் ஸ்டாப்ல இருந்து எவ்வளவு தூரம், இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாமா. இந்த அஞ்சுக்கும் பதில் ரெடியா வச்சிருந்தா போதும். ஃபீஸை மறைக்காதீங்க, "நேர்ல வாங்க சொல்றேன்"னு சொன்னா பாதி பேர் வர மாட்டாங்க, அதிகமா இருக்கும்னு அவங்களே முடிவு பண்ணிடுவாங்க.

குரூப்பா, இல்ல ஒரே மெசேஜ் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போற பிராட்காஸ்ட்டான்னு கேட்டா, விசாரிச்சவங்க எல்லாரையும் ஒரு குரூப்ல போடவே கூடாது. ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்கு தெரிஞ்சிடும், அம்மாக்கள் நம்பர் தெரியாத ஆளுங்க கைக்கு போறது நல்லதில்ல. பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் போடலாம், ஆனா உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணிருந்தாதான் மெசேஜ் போகும், அதனால முதல் பேச்சுலயே சேவ் பண்ணிக்கோங்கன்னு சொல்லிடணும். 2023ல இந்தியாவுக்கு வந்த சேனல் வசதில நம்பர் வெளிய தெரியாது, டிப்ஸ் போடுறதுக்கு அது நல்லா இருக்கும்.

இப்ப காசு குடுத்து போடுற விளம்பரம். ஃபேஸ்புக் இன்ஸ்டா விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், இதை யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்குறாங்க. சும்மா ஒரு கணக்குக்கு, 3,000 ரூபாய்க்கு போட்டா 3,540 ஆகும், அதுல முப்பது பேர் விசாரிச்சு ஆறு பேர் ட்ரையல் வந்து மூணு பேர் சேந்தா ஒரு ஆளுக்கு 1,180 ரூபா. மாசம் ஆயிரம் ரூபா ஃபீஸ் கட்டி ஆறு மாசம் இருக்கிற கிளாஸுக்கு இது லாபம். பத்து நாள் சம்மர் கேம்ப்க்கு இது கட்டுமான்னு நீங்களே பாத்துக்கோங்க.

வேலூருக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, இதை வெளியூர் ஏஜென்சிங்க கவனிக்கிறதில்ல. மெட்டா விளம்பரம், அதாவது ஃபேஸ்புக் இன்ஸ்டா விளம்பரம், நீங்க குறிக்கிற இடத்துல குடியிருக்கிறவங்களுக்கு மட்டும் போகாது, சமீபத்துல அங்க இருந்தவங்களுக்கும் போகும். நம்ம ஊரு எப்படிப்பட்ட ஊரு? சிஎம்சிக்கு வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்குல இருந்து வர்ற நோயாளிங்க, கூட வந்தவங்க, விஐடில படிக்கிற வெளிமாநில பசங்க, ஸ்ரீபுரம் தங்கக்கோயில் பாக்க வர்றவங்க. அவங்க எல்லாரும் உங்க காசுல அந்த விளம்பரத்தை பாப்பாங்க. காட்பாடிய நடுவுல வச்சு நாப்பது கிலோமீட்டர் வட்டம் போட்டீங்கன்னா கிறிஸ்டியான்பேட்டை தாண்டி ஆந்திரா சித்தூரும் உள்ள வந்துடும். இதுக்கு வழி, பூஸ்ட் பட்டனை அமுக்காம ஆட்ஸ் மேனேஜர்ல போய் உங்க இடத்துல பின் போட்டு அஞ்சு ஆறு கிலோமீட்டருக்கு சுருக்குறது, விளம்பரத்தை தமிழ்ல எழுதுறது, ஏரியா பேரை முதல் வரியிலயே போடுறது. "வேலூர்"னு பொதுவா போடுறதும் பத்தாது. 2019ல மாவட்டத்தை மூணா பிரிச்ச பிறகும் ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரங்க வெளியூர்ல கேட்டா வேலூர்னுதான் சொல்றாங்க, ஆனா தினமும் கிளாஸுக்கு அங்க இருந்து யாரும் வரமாட்டாங்க.

ஃபார்ம் நிரப்புற விளம்பரத்தை விட அமுக்குனா நேரா வாட்ஸப் திறக்கிற விளம்பரம்தான் இங்க சரி. ஃபார்ம்ல தானா நம்பர் நிரம்பிடுது, கூப்பிட்டா "நான் எப்ப குடுத்தேன்"னு கேக்குறாங்க. மார்ச் கடைசில ஆரம்பிச்சு மே முதல் வாரத்தோட நிறுத்துங்க, அப்புறம் ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் ஒரு சின்ன ரவுண்டு.

ஜஸ்ட்டயல் மாதிரி லிஸ்டிங் சைட்டுங்கள்ல ஃப்ரீயா பேரு போட்டு வைக்கிறது வரைக்கும் சரி, காசு கட்டி லீட், அதாவது விசாரிக்கிறவங்க நம்பர், வாங்குறது எனக்கு பிடிக்கல, ஒரே நம்பர் நாலு கோச்சுக்கு போய் நாலு பேரும் கூப்பிட்டு அந்த ஆள் போனை ஆஃப் பண்ணிடுறாரு. லிங்க்ட்இன், கம்பெனிகளுக்கு ட்ரெயினிங் குடுக்கிறவங்களுக்கு மட்டும். ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் ஷூ கம்பெனிங்கள்ல இருக்கிற எச்ஆர் ஆளுங்களை அங்க பிடிக்கலாம், குழந்தைங்க கிளாஸுக்கு அது தேவையே இல்ல.

எந்த வழில போனாலும் ஆதாரம் இல்லாம எதையும் சொல்லாதீங்க. சத்துவாச்சாரில வளந்த சதீஷ் சிவலிங்கம் 2014லயும் 2018லயும் காமன்வெல்த்ல பளுதூக்குதல் தங்கம் வாங்குனாரு, அதனால இந்த ஊர்ல வெயிட்லிஃப்டிங் சொல்லிக்குடுக்கிற யாருக்கும் ஒரு மரியாதை இருக்கு, ஆனா நம்மகிட்ட படிக்காத ஆளோட போட்டோவ நம்ம பேனர்ல போடுறது பெரிய தப்பு. படிப்பு சம்பந்தமான கோச்சிங் சென்டர்ல அம்பது பேருக்கு மேல இருந்தா 2024 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல் பொருந்தும்: நூறு சதவீதம் செலக்‌ஷன், வேலை உறுதின்னு விளம்பரம் பண்ணக்கூடாது, ஜெயிச்ச மாணவரோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம, அதுவும் ரிசல்ட்டுக்கு அப்புறம் வாங்குன சம்மதம் இல்லாம, அவங்க பேரு போட்டோ போடக்கூடாது. விளையாட்டு, டான்ஸ் கிளாஸுக்கு அது வராது, ஆனாலும் சின்னப் பிள்ளைங்க நீச்சல் உடையில இருக்கிற வீடியோவ ரீல்ஸ்ல போடுறதுக்கு முன்னாடி பேரண்ட்ஸ்கிட்ட கேளுங்க. சேர்க்கை ஃபார்ம்லயே ஒரு வரி சேத்து கையெழுத்து வாங்கிடுங்க, வேணாம்னு சொல்றவங்க பிள்ளைய கேமராவுக்கு அந்தப் பக்கம் நிக்க வச்சு எடுங்க.