கம்பத்தில் ஒரு கவுன்சலிங் சென்டர்: மூன்று தடவை போய்வந்தேன்

குமுளியில் ஏலக்காய் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. ஒன்பது வருஷமாச்சு. அம்மா இதே ஊர் ஸ்டோரில் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கினவங்க. இன்றைக்கு நான் "எடுக்கலாம்" என்றால் முதலாளி புத்தடியில் நடக்கிற ஏலக்காய் ஏலத்தில் லட்சக்கணக்கில் பணம் போடுகிறார். போன வருஷம் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து தூக்கம் போச்சு. "இவளுக்கு ஒண்ணும் தெரியாது, குருட்டாம்போக்குல சொல்றா" என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்.

உள்ளூரில் போனால் தெரிந்த முகங்கள். அதனால் லோயர் கேம்ப் வழியாகக் கம்பத்துக்கு இறங்கினேன். மெடிக்கல் ஷாப் மாடியில் சென்டர். ஒரு தடவைக்கு 500 ரூபாய், முழுசாக ஒரு மணி நேரம்.

முதலில் 20 கேள்வி உள்ள ஒரு தாள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். அமெரிக்க உளவியலாளர் பாலின் கிளான்ஸ் உருவாக்கியது. அவரும் சுசான் ஐம்ஸும் 1978லேயே இந்தப் பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அதுவும் நன்றாகச் சாதித்த பெண்களைப் பார்த்து. 60ஐத் தாண்டினால் இந்த நினைப்பு அடிக்கடி வருகிறது என்று அர்த்தம். எனக்கு 78. "இது வியாதி இல்லைம்மா" என்றார் மேடம். அங்கேயே அழுதுவிட்டேன்.

இரண்டாம் தடவை, நான் தரம் பார்த்த லாட்டுகளை, அதாவது ஏலத்துக்கு வருகிற சரக்குத் தொகுப்புகளை, எழுதிவைக்கிற நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். போன சீசனில் நான் பார்த்தது 212 லாட், புகார் வந்தது 3. அந்த மூன்றையும் தேதியோடு ஒப்பித்தேன். "மிச்சத்துல ஒண்ணு சொல்லுங்க" என்றார். வாயே வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒன்று ஞாபகம் வந்தது. 8 மி.மீ காய், கண்ணைப் பறிக்கிற பச்சை. காதோரம் குலுக்கினேன், உள்ளே சத்தமே இல்லை. நகத்தால் பிளந்தால் அரிசி, அதாவது உள்ளே இருக்கிற விதை, ஈரமாக ஒட்டிக்கிடந்தது. வேண்டாம் என்றேன்.

"குலுக்கிப் பாக்க யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அம்மா."

அதையும் நோட்டில் எழுதச் சொன்னார்.

பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் இப்போது தூங்குகிறேன். கம்பம் வரை போக முடியாதவர்கள் 14416க்குக் கூப்பிடலாம். அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், 2022இல் தொடங்கியது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

ஒரே குறை, வெளி பெஞ்சில் இருப்பவர்களுக்கு உள்ளே பேசுவது கேட்கிறது. அந்தக் கதவை மட்டும் சரிபண்ணுங்க மேடம், சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன்.