கம்பெனி சான்று பெற்ற வாட்டர்புரூஃபிங் ஆள்: ஆறு மழைக்காலம் முடிந்த பிறகு

மொட்டை மாடிக்கு வாட்டர்புரூஃபிங் செய்ய, கெமிக்கல் கம்பெனி சான்று கொடுத்த அப்ளிகேட்டரைத்தான் (பூச்சு பூசும் ஆளைத்தான்) பிடிக்க வேண்டுமா, தெரிந்த மேஸ்திரி போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மழைநீர்க் குழாய் வாயை உடைத்துச் சரிசெய்த அதே வாரத்தில் கேட்டதால், பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

மாடி சென்னையில், 30 அடிக்கு 40 அடி. செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்ட பழைய வெதரிங் கோர்ஸ் (வெயில், மழை தாங்கும் மேலடுக்கு), மேலே தட்டோடு. 2019 கோடையில் சான்று பெற்ற ஆட்களின் கையால் ஃபைபர் மெஷ் (நார் வலை) வைத்து அக்ரிலிக் பூச்சு. 2024 வரை ஆறு வடகிழக்குப் பருவமழை பார்த்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையும் அதில் சேர்த்தி.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. தட்டோட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வந்ததையெல்லாம் பெயர்த்துத் திரும்பப் பதித்தார்கள். இணைப்புகளைச் சுரண்டி, பாலிமர் கலந்த கலவையால் அடைத்தார்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டார்கள். தாளுக்கு அடியில் நீர்முத்து கோத்திருந்தால் தளத்துக்குள் ஓதம் இருக்கிறது என்று பொருள். அதன்மேல் பூசினால் ஒரே கோடையில் கொப்புளம் கிளம்பும். இந்தச் சோதனையைச் செய்கிற சாதாரண மேஸ்திரி மிக அரிது.

அடுத்தது லிட்டர் கணக்கு. இந்த வகைப் பூச்சு இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 25 சதுர அடி வரும். 1,200 சதுர அடிக்கு 48 லிட்டர். கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம் ஏற்றிப் பூச வேண்டும். சுற்றளவு 140 அடி, ஆக இன்னும் 140 சதுர அடி. மொத்தம் 54 லிட்டர், அதாவது 20 லிட்டர் பக்கெட் மூன்று. இரண்டு பக்கெட்டில் முடித்துத் தருகிறேன் என்பவர் மீதியைத் தண்ணீரால்தான் ஈடுகட்டுவார். பிரைமர் கோட்டுக்குத் தண்ணீர் கலக்கலாம். மேல் கோட்டுகளில் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டினால் படலம் மெலிந்து இரண்டாம் வருடமே வெடிக்கும். சான்று பெற்றவர்கள் பேட்ச் எண்ணை வாரண்டி அட்டையில் எழுத வேண்டியிருந்ததால் இதில் கை வைக்கவில்லை. காலி பக்கெட்டை மாடியிலேயே வைத்து எண்ணிக் காட்டினார்கள். ஆறு வருடத்துக்குப் பிறகும் நடுத்தளத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. வெள்ளை மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி குழாய் வாய்.

மாடியின் வாட்டம் முழுவதும் நான்கு மூலையிலும் இருக்கிற நான்கு அங்குல ஓட்டைகளை நோக்கித்தான். அத்தனை தண்ணீரும் கடைசியில் நின்று போகிற இடம் அதுதான். பிவிசி குழாய் வெயிலில் கான்கிரீட்டைப் போல ஐந்து மடங்குக்குமேல் விரியும், இரவில் அதே அளவு சுருங்கும். சுற்றியுள்ள கலவைக்கும் குழாய்க்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழாமல் இருக்காது. அதன்மேல் மெஷ் இல்லாத பூச்சு எத்தனை கோட் போட்டாலும் கிழியும். தண்ணீர் குழாயின் வெளிப்புறமாக இறங்கி, தளத்துக்குள் ஊறி, நாலைந்து அடி தள்ளிப் படுக்கையறைக் கூரையில் ஓதமாகத் தெரியும். பார்ப்பவர் நடுத்தளம் ஒழுகுகிறது என்று நினைத்து, நன்றாக இருக்கிற பூச்சின் மேலேயே இன்னொரு கோட் அடிப்பார்.

1,200 சதுர அடியை அவ்வளவு ஒழுங்காகச் செய்தவர்கள் குழாய் விளிம்போடு பிரஷை நிறுத்திவிட்டார்கள். நான்கு மூலைக் குழாயிலும் அப்படித்தான். வாரண்டியைக் காட்டிக் கூப்பிட்டால், பூச்சு உரிந்தால் பொறுப்பு, குழாய் இணைப்பு பிளம்பர் வேலை என்று பதில். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது: குழாய் இணைப்பு, கட்டட அசைவால் வரும் விரிசல், தேங்கி நிற்கும் தண்ணீர் எதுவும் சேராது. சேர்ந்தாலும் கிடைப்பது கெமிக்கல் மட்டும், கூலி நம்முடையது. மாடி எங்கே ஒழுகுமோ அந்த இடங்களையெல்லாம் விலக்கி வைத்த வாரண்டி இது. இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

குழாய் வாயை எப்படிச் செய்ய வேண்டும் என்பது ரகசியம் இல்லை. வாயைச் சுற்றி ஓர் அடிச் சதுரத்துக்குக் கொத்தி எடுத்து, சுருங்காத கிரௌட் (ஊற்றி நிரப்பும் சிமென்ட் கலவை) ஊற்ற வேண்டும். அந்தச் சதுரம் சுற்றுத் தளத்தைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். குழாய் விளிம்பை ஒட்டி 10 மில்லிமீட்டர் காடி விட்டு, கிரௌட் காய்ந்த பிறகு காடியில் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் நிரப்ப வேண்டும். மெஷ்ஷை நறுக்கி, குழாயின் உள்ளே இரண்டு அங்குலம் மடங்கி இறங்கும்படி வைத்து, மேலே இரண்டு கோட், ஒன்றுக்கு ஒன்று குறுக்காக. ஒரு வாய்க்கு ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை, நடுவில் காய விடும் நேரம் தனி. இந்தத் தடவை இதைச் செய்தவர் எந்தக் கம்பெனிச் சான்றும் இல்லாத மேஸ்திரி.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வேலையின் வகையைப் பொறுத்துச் சான்றின் மதிப்பு மாறும். தீ காட்டி ஒட்டும் தார் மெம்பரேனுக்கு (சுருளாக வரும் தார் விரிப்புக்கு) பயிற்சி இல்லாத ஆளை மாடியேற விடவே கூடாது. பக்கவாட்டில் நான்கு அங்குலம், முனையில் ஆறு அங்குலம் மேல்படிய வேண்டும்; ஒட்டும்போது ஓரத்தில் உருகிய தார் மெல்லிய கோடாகப் பிதுங்கி வர வேண்டும். தீ குறைந்தால் ஒட்டாது, கூடினால் உள்ளிருக்கும் துணி கருகும். பிரஷில் பூசுகிற அக்ரிலிக்குக்கு அவ்வளவு கைப்பழக்கம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. இன்னொன்று, சான்று கான்ட்ராக்டர் பெயரில் இருக்கும், மாடியேறுவது அன்றைக்குக் கிடைத்த ஆட்கள். பயிற்சி எடுத்த ஆள் தளத்தில் நிற்பாரா என்று கேட்டு, கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். சான்று இந்த வருடமும் செல்லுமா என்று கம்பெனிக்கே போன் செய்து கேளுங்கள்.

பூச்சுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுக்கலாம். அந்த வேலையில் கண்ட ஒழுங்கை வேறெங்கும் பார்க்கவில்லை. இருந்தும் இன்றைக்கு, இந்த மாடிக்கு, அவர்களைத் திரும்பக் கூப்பிட மாட்டேன்.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், பூச்சு ஒரு வாரம் நன்றாகக் காய்ந்த பிறகு குழாய் வாய்களை அடைத்து, மாடி முழுக்க ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 72 மணி நேரம் நிறுத்துங்கள். அடைப்பைக் குழாய்க்குள் மூன்று அங்குலம் இறக்கி வையுங்கள். விளிம்போடு அடைத்தால் சோதிக்க வேண்டிய இடமே நனையாது. கடைசித் தவணைப் பணம் நான்காம் நாள் காலை, கூரையைக் கீழிருந்து பார்த்த பிறகு.