இராஜபாளையம் பெண் நாயைச் சேர்க்கை விடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரை, விருதுநகர் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கண்ணில் இது படவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வெள்ளையம்மாவுக்கு மூன்று வயது. தலையீத்துக்கு ஆண் நாய் தேடியபோது ஒருவர் அறிமுகமானார். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, இடுப்பு ஒட்டிய அருமையான நாய் அவருடையது. "அப்பா அம்மா பேர் போட்ட பேப்பர் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "ஊர்ல இருக்கு தம்பி, இது வேற லைன், தைரியமா விடுங்க" என்றார். 8,000 ரூபாயும் ஒரு குட்டியும் என்று பேச்சு. பேப்பரைக் கண்ணால் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சேர்த்து இருபது நாள் இருக்கும், அவள் வயிற்றோரம் வட்டமாக முடி கொட்டியது. அவருக்குப் போட்டோ அனுப்பினேன். "படைதான், எங்க நாய்க்கெல்லாம் இதான் கொடுப்போம்" என்று பாதி கிழிந்த அட்டையில் மாத்திரை கொடுத்தனுப்பினார். சினையாச்சே, கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகாது" என்றார். பத்து நாள் கொடுத்தேன்.

62-ஆம் நாள் ராத்திரி ஏழு குட்டிகள் போட்டாள். ஐந்து குட்டிகள் மடியைப் பிடித்துக்கொண்டன. இரண்டு மட்டும் சப்பிச் சப்பி விட்டுவிட்டன. ஒன்றைக் கையில் எடுத்தேன். அதன் மூக்கிலிருந்து பால் நுரைநுரையாக வந்தது. செல்போன் டார்ச்சை அடித்து வாயைத் திறந்து பார்த்தால், மேலண்ணத்தின் நடுவில் முன்னிருந்து பின்வரை ஒரு பிளவு. சுண்டுவிரல் நகத்தின் ஓரம் நுழையும் அளவு. இன்னொன்றுக்கும் அதேதான். குடித்த பால் நுரையீரலுக்குள் போய், மூன்றாம் நாள் விடியற்காலையில் முதல் குட்டி இறந்துவிட்டது. மற்றதற்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் வழியாகப் பால் கொடுத்தோம். நானும் என் மனைவியும் மாறி மாறி விழித்திருந்தோம்.

கால்நடை மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டினேன். மிச்சமிருந்த எழுத்துகளைப் பார்த்தவுடன் அவர் முகம் மாறிவிட்டது. கிரிசியோஃபுல்வின். படர்தாமரைக்குக் கொடுப்பது. சினை நாய்க்கும் சினைப் பூனைக்கும் கொடுக்கவே கூடாதாம். கருவில் அண்ணப் பிளவு உண்டாக்கக்கூடிய மருந்து. குட்டியின் அண்ணம் இரண்டு பக்கமிருந்தும் வந்து மூடுவது சினையின் நான்காவது வார வாக்கில். சரியாக அந்த நாட்களில்தான் நான் என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். ஸ்டீராய்டு மருந்துகளும், அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ-யும் இப்படிச் செய்யலாம் என்றார். பரம்பரையாகவும் வரும், அதனால் மாத்திரை ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

பரம்பரை என்றதும், வெள்ளையம்மாவை எங்களுக்குக் கொடுத்தவருக்குப் போன் போட்டேன். ஆண் நாயின் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "அது நான் கொடுத்த குட்டிதானே, உங்க நாய்க்கு முந்தின ஈத்து." அதே தாய், அதே தகப்பன். கூடப்பிறந்த அண்ணனோடு சேர்த்திருக்கிறோம். ஆண் நாயை வாங்கும்போதே தாய் தகப்பன் பெயர் போட்ட பேப்பரையும் கையில் கொடுத்ததாக அவர் சொன்னார். அப்புறம் எப்படி 'வேற லைன்' ஆகும்?

கேட்கப் போனபோது அந்த அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? "கிரகணத்தப்ப சினை நாயை வெளியே விட்டிருப்பீங்க." கிரகணத்தால் குட்டியின் வாய் பிளக்காது. மனிதக் குழந்தைகளுக்கும் இதே பழியைச் சொல்லிச் சொல்லித் தாய்மாரை அழவைத்தது போதும்.

அதோடு முடியவில்லை. குட்டிகளுக்கு இரண்டு வாரத்தில் காது திறக்கும். ஐந்தாவது வாரம் அவை தூங்கும்போது அடுத்த அறையில் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினேன். மூன்று குட்டிகள் துள்ளி எழுந்தன. இரண்டு அசையவே இல்லை. இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. அந்த வெள்ளை நிறத்தோடு ஒட்டி வருவது அது. உள்காதில் நிறமி அணுக்கள் இல்லாமல் போனால் கேட்கும் செல்கள் சில வாரங்களில் செத்துவிடும். நெருங்கிய உறவில் சேர்த்தால் இந்தக் குறை இன்னும் கூடும். ஒரு காது மட்டும் கேட்காத நாயை வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம், அதற்கென்று தனிப் பரிசோதனை இருக்கிறது. அப்படிப்பட்ட நாயையும் இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.

ஆகவே, ஆண் நாயின் தாய் தகப்பன் பெயரை எழுத்தில் பார்க்காமல் வீட்டுப் படி ஏறாதீர்கள். கென்னல் கிளப் பதிவு இருக்கிறது என்றால் மைக்ரோசிப் எண்ணை அந்த நாயோடு ஒத்துப் பாருங்கள். பதிவு இல்லையென்றால் குட்டி கொடுத்தவரிடம் நேரில் பேசுங்கள். சினை நாய்க்கு மருத்துவரைத் தவிர வேறு யார் கொடுத்த மாத்திரையும் வேண்டாம், தைலம்கூட வேண்டாம்.

அந்த ஆண் நாயை இன்னும் சேர்க்கைக்கு விட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இடது காது நுனியில் பழைய வெட்டுத் தழும்பு இருக்கும். அடையாளம் தெரிந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள். காது கேளாத இரண்டு குட்டிகளும் எங்களோடுதான் இருக்கும், கருத்தடை செய்துவிடுவோம். டியூப் பாலில் பிழைத்த குட்டிக்கு நான்கு மாதம் ஆனதும் அறுவை சிகிச்சை.