ட்ரெட்நாட்டா, ஓ.எம்.மா: முதல் கிடாருக்கு எந்த அச்சு?

பாளையங்கோட்டையில் கிடார் என்றதும் பலருக்கும் நினைவு வருவது சர்ச் பாடகர் குழுவில் மாட்டியிருக்கும் பெரிய ட்ரெட்நாட்தான். கையால் கிடார் செய்ய இறங்குகிறவர்களும் அந்த அச்சைத்தான், அதாவது அந்த உடம்பின் வடிவத்தைத்தான், முதலில் தேடுகிறார்கள். அதன் பக்கத்தில், அதைவிடச் சிறிய ஓ.எம். (ஆர்க்கெஸ்ட்ரா மாடல்) அச்சையும் வரைந்து பார்த்துவிட்டு மரத்தில் கை வையுங்கள் என்பேன்.

இரண்டுமே அமெரிக்காவின் மார்ட்டின் கிடார் கம்பெனி வழி வந்தவைதான். ட்ரெட்நாட் 1916-இல் டிட்சன் என்ற இசைக்கடைக்காகச் செய்யப்பட்டு, 1931-இல் மார்ட்டின் பெயரில் வந்தது, ஓ.எம். 1929-இல் வந்தது. இன்று வழக்கத்தில் இருக்கும், கழுத்து 14-ஆவது ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பி) உடம்போடு சேரும் உருவத்தில், இரண்டுக்கும் ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம், 25.4 அங்குலம். ஆகவே ஃபிரெட் கணக்கு மாறாது, உடம்புதான் மாறும். ட்ரெட்நாட்டின் கீழ்ப்பகுதி அகலம் 15⅝ அங்குலம், ஆழம் ஏறத்தாழ 4⅞. ஓ.எம்.முக்கு 15, 4⅛.

உள்ளே காற்று அதிகம் என்பதால் ட்ரெட்நாட்டில் கீழ் ஸ்தாயி திரண்டு வரும். மைக் இல்லாமல் கீர்த்தனைக்கு ஸ்ட்ரம் போட அதை மிஞ்ச ஓ.எம்.மால் முடியாது. ஆனால் விரலால் மீட்டினால் ஓ.எம்.மில் ஆறு கம்பியும் சமமாகப் பேசும். இடுப்பு ஒடுங்கியிருப்பதால் தொடையில் பாந்தமாக உட்காரும், வலது தோளும் தூக்காது.

அந்த ஒடுங்கிய இடுப்புதான் பட்டறையில் கஷ்டம். பக்கத்துக்கான ஈட்டி மரப் பலகையை 2 மி.மீ. சுமாருக்கு இழைத்து, நனைத்து, சூடான குழாயில் வைத்து வளைக்க வேண்டும். மரம் இளகும் நேரம் கைக்குத் தெரியும். அதற்கு முன் அழுத்தினால் வளைவின் வெளிப்புறத்தில் நார் பிரிந்து எழும்பிவிடும். வெளிப்புறம் மெல்லிய தகடு கொடுத்து வளைத்தால் இது பெருமளவு குறையும். ட்ரெட்நாட்டின் இடுப்பு அகலமானது, வளைவு மெதுவானது. இந்த ஒரு வேலையில் அதுதான் சுலபம்.

அச்சை எப்போதும் பாதியாகவே வெட்டுங்கள். 6 மி.மீ. பிளைவுட்டில் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் மட்டும் போதும். திருப்பிப் போட்டு வரைந்தால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல வரும். பிரிட்ஜ் (கம்பிகள் மாட்டும் கட்டை), ஒலித்துளை, முகப்பைத் தாங்க உள்ளே ஒட்டும் எக்ஸ் வடிவச் சட்டம் எல்லாவற்றின் இடத்தையும் அதிலேயே குறித்துவிடலாம்.

எனக்குக் கேட்டால், முதல் கிடாருக்கு ஓ.எம்.தான். வளைப்பதைக் கழிவுப் பலகையில் பழகிக்கொள்ளலாம். ஆனால் செய்து முடித்த பெட்டியின் ஆழத்தைப் பிறகு குறைக்க முடியாது. சர்ச்சில் மட்டும்தான் வாசிக்கப் போகிறது என்றால், சரி, ட்ரெட்நாட்டையே எடுங்கள்.

எதை எடுத்தாலும் தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்கள் சாரல் நாளில் முகப்புப் பலகையை ஒட்ட வேண்டாம். ஈரம் குடித்த பலகையை ஒட்டினால், காற்று காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். பலகை அகலமாக ஆக, சுருக்கமும் கூடும். அறையில் ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி இருக்கும் நாளாகப் பார்த்துப் பசை தடவுங்கள்.